நாளும் ஏறும் எட்டுப் படிகள்

நுழையும்முன்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 21 ஆம் நாள் பள்ளி மைதானத்தில் வரிசையாக நின்று ஆசனங்கள் செய்கிறோம். ஜூன் 22 ஆம் நாள் காலையில் நாம் என்ன செய்கிறோம்? இவ்வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு பாடத்திற்குள் செல்வோம்.

அபர்டீன் பஜாரின் காலை

ஜூன் மாதத்தில் நம் தீவில் ஐந்து மணி அளவிலேயே கதிரவன் எழுந்துவிடுகிறான். சென்னையில் உள்ளோர் அவனைக் காண மேலும் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடிகாரம் இரண்டு ஊர்களிலும் ஒரே நேரத்தையே காட்டுகிறது. ஆனால் நாம் கிழக்கே வெகுதொலைவில் வாழ்கிறோம். ஆகவே, விடியற்காலை என்னும் செல்வம் நமக்கு முன்னதாகவே வந்து சேர்கிறது.

அவ்வேளையில் அபர்டீன் பஜார் அமைதியாக இருக்கும். மணிக்கூண்டைச் சுற்றியுள்ள கடைகள் திறந்திரா. சற்று நேரம் சென்றால் தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம், இந்தி எனப் பல மொழிகள் அங்கே ஒலிக்கத் தொடங்கும். வண்டிகளின் இரைச்சலும் கூடும். அதற்கு முன் கிடைக்கும் இருபது நிமிடங்களே இப்பாடத்தின் களம்.

யோகம் என்பது யாது?

'யோகம்' என்னும் சொல்லுக்கு இணைதல், ஒன்றுதல் என்பன பொருள்களாகும். உடல், மூச்சு, மனம் ஆகிய மூன்றும் ஒரே நெறியில் நிற்பதற்கான பயிற்சியே யோகம். வடமொழியில் பதஞ்சலி முனிவர் இயற்றிய யோக சூத்திரமும், தமிழில் திருமூலர் அருளிய திருமந்திரமும் இதனை எட்டு உறுப்புகளாக வகுத்துரைக்கின்றன. திருமந்திரம் பன்னிரு திருமுறைகளுள் பத்தாவது. மூவாயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்களையும் ஒன்பது தந்திரங்களையும் உடையது. அதன் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகளும் விளக்கப்படுகின்றன.

1. இயமம் – தீயவற்றை விலக்குதல்
2. நியமம் – நல்லவற்றைக் கடைப்பிடித்தல்
3. ஆசனம் – உடலை நிலையாக இருத்துதல்
4. பிராணாயாமம் – மூச்சை நெறிப்படுத்துதல்
5. பிரத்தியாகாரம் – புறத்தே ஓடும் புலன்களை உள்ளே திருப்புதல்
6. தாரணை – மனத்தை ஒன்றில் நிறுத்துதல்
7. தியானம் – அந்நிலையில் இடையறாது நிற்றல்
8. சமாதி – நீண்ட பயிற்சியால் கைகூடும் ஒன்றிய நிலை

பட்டியலை மீண்டும் ஒருமுறை பாருங்கள். மைதானத்தில் நாம் செய்யும் ஆசனம் மூன்றாம் இடத்தில் உள்ளது. அதற்கு முன் இரண்டு படிகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்துவிட்டு மூன்றாம் படியில் நிற்க இயலுமா?

நான் கற்ற பாடம்

இவ்வினாவிற்கான விடையை எனக்குக் கற்பித்தவன் ஒரு மாணவன். பணி மாறுதல் பெற்று நான் இத்தீவிற்கு வந்த முதல் ஆண்டு அது. பல ஆண்டுகளாக நாள் தவறாமல் ஆசனம் செய்து வருபவன் என்னும் பெருமிதம் எனக்கு இருந்தது.

ஒரு நாள் வகுப்பில் அம்மாணவன் பாடத்தை உரக்கப் படித்தான். 'வாழைப்பழம்' என்னும் சொல்லை 'வாளைப்பளம்' என்று ஒலித்தான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து அவன் தமிழ் வகுப்பில் வாய் திறக்கவில்லை. எழுதச் சொன்னால் எழுதுவான். படிக்கச் சொன்னால் தலைகுனிந்து நிற்பான்.

ஒரு மாதம் கழிந்தபின், வேறொரு வகுப்பிற்காகத் திருமந்திரத்தின் இயமப் பகுதியைப் படித்துக்கொண்டிருந்தேன். கொல்லாமை, பொய் கூறாமை, களவு செய்யாமை, அடக்கம், நடுவுநிலைமை, பகுத்துண்ணல் முதலிய பண்புகளை இயமத்தில் நிற்பவனுக்கு உரியனவாகத் திருமூலர் அடுக்குகிறார். 'அடக்கம்' என்னும் சொல்லில் என் கண் நின்றுவிட்டது. உடலை அடக்கக் கற்றிருந்த நான், ஒரு சிரிப்பை அடக்கக் கற்கவில்லை.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும், "தம்பி, அன்று நான் சிரித்தது தவறு, பொறுத்துக்கொள்" என்றேன். அவன் மெல்லிய குரலில், "வீட்டில் அம்மாச்சி அப்படித்தான் சொல்வார்கள், ஐயா" என்றான்.

அப்போதுதான் என் தவறு முழுமையாக விளங்கியது. தென்மாவட்டச் சிற்றூர்கள் பலவற்றில் ழகரம் ளகரமாகவே பேச்சில் ஒலிக்கும். கடல் கடந்து வந்த பின்னும் அவன் குடும்பம் காத்து வைத்திருந்த ஒலி அது. நாங்கள் சிரித்தது அவன் நாவைப் பார்த்து மட்டுமன்று. அவன் பாட்டியையும் பார்த்து. ழகரத்தை அவனுக்குப் பின்னர்க் கற்பித்தேன். நாவின் நுனியை மேல்நோக்கி வளைத்து, மூச்சைச் சீராக விட்டு, அவன் அதனை இனிதே ஒலிக்கக் கற்றான். நான் இயமத்தைக் கற்கத் தொடங்கினேன்.

நாள்தோறும் இருபது நிமிடம்

*வாய்மையும் தூய்மையும்:* எழுந்தவுடன் பல் துலக்கி, முகம் கழுவி, சிறிதளவு நீர் அருந்துங்கள். இன்று தவிர்க்க விரும்பும் ஒரு தீய பழக்கத்தையும், செய்ய விரும்பும் ஒரு நற்செயலையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

*ஆசனம் (10 நிமிடம்):* வெறும் வயிற்றில், சமதளத்தில் பாய் விரித்துச் செய்க. தாடாசனம், விருட்சாசனம், வஜ்ராசனம், புஜங்காசனம் ஆகியவற்றைச் செய்து, சவாசனத்தில் முடிக்கலாம். விருட்சாசனத்தில் மடக்கிய காலின் பாதத்தை முழங்கால் மூட்டின்மேல் வைக்கலாகாது. அதற்கு மேலோ கீழோ வைக்க வேண்டும். பார்வையை அசையாத ஒரு பொருளின்மேல் நிறுத்தினால் உடல் தள்ளாடாது.

*மூச்சு (5 நிமிடம்):* நிமிர்ந்து அமர்ந்து, நான்கு எண்ணும் அளவு மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் அளவு மெல்ல வெளிவிடுக. மூச்சை வெளிவிடும்போது இதயத்துடிப்பு சற்றே தணிகிறது. ஆதலால் நீண்ட வெளிமூச்சு மனப் பதற்றத்தைக் குறைக்க உதவுகிறது. மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகத்தை ஆசிரியர் துணையின்றிச் செய்யாதீர்கள்.

*அமைதி (5 நிமிடம்):* கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுக் கண்மூடி அமருங்கள். வீதியின் ஓசை கேட்கும், கேட்கட்டும். மனம் அதன்பின் ஓடினால், சினவாமல் மூச்சிற்கு அழைத்து வாருங்கள். ஓடுவது மனத்தின் இயல்பு. திரும்பி வருவதே பயிற்சி. இறைவணக்கம் செய்வோர் தத்தம் சமய முறைப்படி அதனை இவ்வேளையில் செய்யலாம்.

காய்ச்சல் உள்ளபோது பயிற்சி வேண்டா. மூச்சிரைப்பு, எலும்பு முறிவு போன்றவை உடையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குக.

பயன்

உடம்பை ஒருகாலத்தில் இழுக்கு என்று எண்ணியிருந்ததாகவும், அதனுள் உறையும் மெய்ப்பொருளை உணர்ந்தபின் உடம்பைப் பேணி வருவதாகவும் திருமூலர் பாடுகிறார். உடல் நலமும் உள்ள வளர்ச்சியும் வேறு வேறு வழிகள் அல்ல என்பதே இதன் கருத்து. எனினும், ஒரு காலில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதைக் கொண்டு நம் யோகத்தை அளத்தல் கூடாது. சினம் வந்தபோது எவ்வளவு விரைவில் தணிந்தோம், பிறர் பிழையை எவ்வாறு எதிர்கொண்டோம் என்பவையே அளவுகோல்கள். ஜூன் 22 ஆம் நாளுக்குரிய பாடம் அதுவே.

தெரிந்து தெளிவோம்

* ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 டிசம்பர் 11 அன்று ஜூன் 21 ஆம் நாளைப் பன்னாட்டு யோகா நாளாக அறிவித்தது. முதல் யோகா நாள் 2015 இல் கொண்டாடப்பட்டது.
* சென்னையில் வாழ்ந்து கற்பித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989), கற்போரின் வயதிற்கும் உடல்நிலைக்கும் ஏற்பப் பயிற்சி அமைய வேண்டும் என்பதை வலியுறுத்தியவர்.
* கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006), இல்லறத்தார் செய்தற்குரிய எளிய உடற்பயிற்சிகளை வகுத்தார்.

சொல்லும் பொருளும்

அடக்கம் – தன்னைக் கட்டுப்படுத்தும் பண்பு
இழுக்கு – குற்றம், இழிவு
பகுத்துண்ணல் – பிறர்க்கும் பகிர்ந்து உண்ணுதல்
மெய்ப்பொருள் – உண்மைப் பொருள், இறைவன்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: உள்ளிழுத்து, வெறுப்பின்றி, பகுத்துண்ணல்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. அந்தமானில் சென்னையைவிட முன்னதாகக் கதிரவன் எழக் காரணம் என்ன?
2. எண்வகை உறுப்புகளுள் ஆசனத்திற்கு முன் நிற்பவை யாவை?

இ. சிந்தித்து எழுதுக.
"வீட்டில் அம்மாச்சி அப்படித்தான் சொல்வார்கள்" என்னும் மாணவனின் விடை ஆசிரியருக்கு எதனை உணர்த்தியது?

ஈ. செயல்திட்டம்
உங்கள் பாட்டியோ தாத்தாவோ சொந்த ஊர் வழக்கில் பேசும் ஐந்து சொற்களைக் கேட்டு எழுதுங்கள். அவற்றின் எழுத்து வழக்கையும் அருகில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள். ஒருவர் படிக்கும்போது மற்றையோர் சிரிக்காமல் கேட்பது இச்செயல்திட்டத்தின் முதல் விதி.