கோளாறு காதில் இல்லை, கெயினில்

ராத்திரி மெல்லமா பாட்டு வைச்சா இடது காதில் மட்டும் சத்தம் கம்மி. முப்பது சொச்சம் வயசுலேயே காது போச்சான்னு பயந்துட்டேன். ஹெட்போனை இடம் வலமா மாற்றிப் போட்டேன்; குறை வலது காதுக்குத் தாவிடுச்சு. குமிழைக் கூட்டினா இரண்டும் சமம், ஆனா காது கிழியுது. அப்போ கோளாறு ஆம்ப்ல!

என்னோடது வீட்டில் செய்த ‘சீமாய்’ வகை ஆம்ப். அதன் கெயினை இரண்டு ரெசிஸ்டர்கள் தீர்மானிக்குது: 1 + (10 ÷ 1) = 11 மடங்கு. இது அதிகம். குமிழ் ஆரம்பத்திலேயே நின்னுடும். அந்த இடத்தில்தான் வால்யூம் கன்ட்ரோலின் இரு பக்கமும் ஒத்துப்போகாது.

பேட்டரியைக் கழற்றிட்டு, கிரவுண்டுக்குப் போகும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்து 4.7 கிலோ ஓம் வைச்சேன். 1 + (10 ÷ 4.7) = சுமார் 3.1. கிட்டத்தட்ட 11 டெசிபல் குறைவு.

கவனிக்க வேண்டியவை:

1. இரண்டு சேனலிலும் ஒரே மதிப்பு. 1% மெட்டல் ஃபிலிம் நல்லது.
2. ஆப்-ஆம்ப்பின் டேட்டாஷீட்டைப் பாருங்க. ஓபிஏ2134 கெயின் 1-லும் நிலையா இருக்கும். என்இ5534-க்கு, கூடுதல் கெப்பாசிட்டர் இல்லைன்னா, குறைந்தது 3 வேணும்.
3. ஹெட்போன் மாட்டும் முன், வெளியீட்டில் டிசி வோல்டேஜை அளந்துடுங்க. சில மில்லிவோல்ட்தான் இருக்கணும்.

இப்போ குமிழ் பாதி வரை திரும்புது, இரண்டு காதும் சமம்.

உங்களுக்கு ஹெட்போனை மாற்றிப் போட்டும் குறை அதே காதில் இருந்தா? சால்டரிங் அயர்னைக் கீழே வைச்சிட்டு டாக்டரைப் பாருங்க.