சிங்கிள் ஓனர் ஸ்போர்ட்ஸ் காரை விற்பது எப்படி?

செகண்ட் ஹேண்ட் கார் சந்தையில் ‘சிங்கிள் ஓனர்’ என்ற சொல்லுக்குத் தனி மரியாதை. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அது இன்னும் கூடும். வேகத்துக்கென்றே செய்த வண்டியை இத்தனை நாள் யார் ஓட்டினார்கள், எப்படி ஓட்டினார்கள் என்பதுதான் வாங்க வருபவரின் முதல் கவலை. மூன்று கை மாறிய வண்டிக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளே இருக்காது. ஷோரூமிலிருந்து எடுத்த நாள் முதல் வைத்திருக்கும் உங்களிடம் பதில் இருக்கிறது. அதைக் காகிதத்தில் காட்டத் தெரிந்தவருக்கு நல்ல விலை கிடைக்கும்.

சென்னையில் இருக்கும் ஒரு ஃபோர்டு மஸ்டாங் ஜிடியை எடுத்துக்கொள்வோம். 2016 ஜூலையில் இந்தியாவுக்கு வந்த கார். 5 லிட்டர் வி8 இன்ஜின், முழு இறக்குமதி, அறிமுக விலை டெல்லி எக்ஸ்-ஷோரூமில் 65 லட்சம் ரூபாய். தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்கோடு வந்த முதல் மஸ்டாங் தலைமுறையும் அதுதான். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே இன்று இந்தக் காரைப் பார்க்க வருபவர், “சர்வீஸ் எங்கே செய்றீங்க? பார்ட்ஸ் கிடைக்குதா?” என்று கேட்காமல் போக மாட்டார். எந்த ஒர்க்ஷாப், எந்த மெக்கானிக், கடைசியாக எந்த பார்ட்டை எங்கிருந்து வரவழைத்தீர்கள் என்பதைச் சொல்லத் தயாராக இருங்கள். பாதி பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் ஃபைல். கார் வாங்கிய ஒரிஜினல் இன்வாய்ஸ், முதல் ஆண்டு தொடங்கி இன்றுவரையான இன்சூரன்ஸ் பாலிசிகள், சர்வீஸ் பில்கள், இரண்டு ஒரிஜினல் சாவிகள், ஓனர் மேனுவல். எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். எட்டு வருடத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றால், மீட்டரைக் குறைத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் கண்டிப்பாக வரும். ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். அந்த வரிசை ஒன்றே அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

ஆர்சியில் ஓனர் வரிசை எண் 1 என்று இருப்பதே போதாதா என்று கேட்கலாம். போதாது. கையெழுத்துப் போட்ட படிவங்களோடு ஒரு வியாபாரியிடமிருந்து இன்னொரு வியாபாரிக்குப் போகும் வண்டி, ஆர்சியில் பெயர் மாறாமலே நாலு பேர் கையில் ஓடியிருக்கும். ஆனாலும் அது ‘சிங்கிள் ஓனர்’ என்றுதான் விலைக்கு வரும். அனுபவம் உள்ளவர்கள் அதனால்தான் பாலிசியில் பெயரையும் பில்லில் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

கம்பெனி லீஸில் கார் எடுத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்தம் ஆனாலும், ஓட்டியது முழுக்க நீங்களே ஆனாலும், லீஸ் காலத்தில் ஆர்சி பெரும்பாலும் உங்கள் பெயரில் இருந்திருக்காது. அப்படியானால், லீஸ் முடிந்து உங்கள் பெயருக்கு மாற்றியபோது நீங்கள் இரண்டாவது ஓனர் ஆகிவிட்டீர்கள். இதை மறைக்காமல் லீஸ் ஒப்பந்தத்தை எடுத்து வைத்து முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் நீங்கள் சொன்ன மற்ற எதையும் அவர் நம்ப மாட்டார்.

அடுத்து வண்டி. விற்கப் போகிறோமே என்று புது பெயிண்ட் அடிக்க வேண்டாம். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 160 மைக்ரான் தடிமனுக்குள் இருக்கும். வாங்க வருபவர் கொண்டுவரும் சின்ன மீட்டரைக் கதவில் வைத்தால் டிங்கரிங் செய்த இடம் உடனே தெரிந்துவிடும். பம்பர் ஓரத்தில் கீறல் இருந்தால் இருக்கட்டும். ஒரிஜினல் பெயிண்டில் ஒரு கீறல், மறைத்து அடித்த பளபளப்பைவிட மேல். மஸ்டாங் தரையோடு தாழ்ந்த கார். நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களில் அடிப்பாகம் உரசாமல் இருந்திருக்காது. லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் படம் பிடித்து, அவர் கேட்பதற்கு முன்பே காட்டிவிடுங்கள்.

சென்னை வண்டி என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு வெள்ள பயம். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் யாருக்கும் மறக்கவில்லை. விவரம் தெரிந்தவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்ப்பார். டிக்கியில் மேட்டைத் தூக்கி ஸ்டெப்னி வைக்கும் குழியில் துருவைத் தேடுவார். நீங்களே இழுத்துக் காட்டுங்கள், தூக்கிக் காட்டுங்கள். வெள்ளத்தின்போது கார் எந்த மாடி பார்க்கிங்கில் நின்றது என்றும் சொல்லுங்கள்.

குறைவாக ஓடிய காருக்கென்று சில குறைகள் உண்டு. டயர் பட்டன் புதிதாகத் தெரியும், ரப்பர் கிழடாகியிருக்கும். டயர் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பழசு என்றால் மாற்றுங்கள், அல்லது அந்தத் தொகையை விலையில் கழித்துச் சொல்லுங்கள். பேட்டரிக்கும் இதே கணக்கு. எக்ஸாஸ்ட் மாற்றியிருந்தால் கம்பெனி எக்ஸாஸ்ட்டைத் திரும்பப் பொருத்திவிட்டு, மாற்றியதைத் தனியாக விற்றுவிடுங்கள். தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. அதோடு, ஸ்டாக் நிலையில் இருக்கும் காரைத்தான் பொறுப்பானவர்கள் தேடி வருகிறார்கள்.

விலை பேசும்போது, “ஐடிவியே இவ்வளவுதானே சார்?” என்பார்கள். ஐடிவி இன்சூரன்ஸ் நிறுவனம் போடும் தேய்மானக் கணக்கு, சந்தை விலைக்கு அது அளவுகோல் ஆகாது. அதே மாடல், அதே ஆண்டு, நெருங்கிய கிலோமீட்டர் உள்ள கார்கள் சென்னை, பெங்களூரு, கொச்சியில் என்ன விலைக்குப் போகின்றன என்று விசாரித்து, இதற்குக் கீழே தரமாட்டேன் என்ற ஒரு தொகையை மனதில் முடிவு செய்துகொள்ளுங்கள். டீலரிடம் நேரடியாகக் கொடுத்தால் பணம் சீக்கிரம் வரும், விலை குறையும். காரை டீலரிடம் நிறுத்திவைத்து விற்கும் ‘பார்க் அண்ட் சேல்’ முறையில் விலை கொஞ்சம் கூடும், ஆனால் உங்கள் காரை யார் யார் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. நன்றாக வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் காரை உரிமையாளரே நேரடியாக விற்பதுதான் என் பரிந்துரை. மாதங்கள் பிடித்தாலும் பொறுத்திருக்கலாம்.

சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்க வருபவர்களும் நிறைய. போனில் பேசும்போதே பட்ஜெட், லோன் உண்டா இல்லையா, எந்த ஊர் ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். உண்மையாக வாங்குபவர் இதற்கெல்லாம் தயங்க மாட்டார். அவர் வருவதற்கு முன் இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டின் சத்தத்தை அவரே கேட்கட்டும். டெஸ்ட் டிரைவுக்கு முன் லைசென்ஸைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் ஓட்டுங்கள், பிறகு அவர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்து சீட்டில் இருங்கள். இன்சூரன்ஸ் நடப்பில் இல்லாத நாளில் சாவியை யாருக்கும் தராதீர்கள்.

பணம் வங்கி வழியாகவே வரட்டும். ஒரு விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம். “இன்னைக்கு பேங்க் லீவு, திங்கட்கிழமை போட்டுடறேன்” என்பதும் செல்லாது: 2020 டிசம்பர் முதல் ஆர்டிஜிஎஸ் எல்லா நாளும், 24 மணி நேரமும் இயங்குகிறது. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து முழுத்தொகையும் பார்த்த பிறகு சாவி கொடுங்கள்.

இனி சொல்லப்போவதை இரண்டு முறை படியுங்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தெளிவாகத் தீர்ப்புச் சொன்னது: கார் பல கை மாறியிருந்தாலும், ஆர்சியில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே. அந்த வழக்கில் மாட்டிக்கொண்டவர், வண்டியை முதலில் விற்றவர்.

ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநிலம் என்றால் படிவம் 28-இல் என்ஓசி வேண்டும். லோன் இருந்திருந்தால் வங்கியின் கடிதமும் படிவம் 35-உம் கொடுத்து ஆர்சியில் உள்ள கடன் பதிவை (ஹெச்.பி.) கேன்சல் செய்யுங்கள், நிலுவையில் உள்ள இ-சலான்களைக் கட்டிவிடுங்கள். டீலருக்குத்தான் கொடுக்கிறீர்கள் என்றால், ஆர்டிஓ அங்கீகாரம் உள்ளவரா என்று பார்த்து, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள படிவம் 29சி மூலம் காரை ஒப்படைத்ததைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகு பொறுப்பு டீலருக்கு.

ஒப்படைக்கும் நாளில் டெலிவரி நோட்டில் தேதியோடு மணி, நிமிடமும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஃபாஸ்டேக்கை மூடுங்கள். காரின் ‘சிங்க்’ திரையில் மாஸ்டர் ரீசெட் கொடுத்து உங்கள் போன் எண்களையும் வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள்.

பரிவாகன் தளத்தில் புதியவரின் பெயர் வந்த பிறகு, இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் உங்கள் நோ கிளைம் போனஸுக்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த போனஸ் காருக்குச் சேராது, உங்களுக்கே சேரும். ஐந்து ஆண்டு கிளைம் இல்லாமல் இருந்தவருக்கு அது 50 சதவீதம். மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காரின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.