காற்றுள்ளபோதே

டிசம்பர் மாதத்தில் திரெங்கானு கடற்கரையில் நிற்பவரின் காதில் முதலில் விழுவது காற்றின் இரைச்சல்தான். தென்னை ஓலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து படபடக்கும். கடல் கொந்தளிக்கும். கோலா பெசுட் படகுத்துறையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெர்ஹெந்தியான் தீவுகளுக்குச் சுற்றுப்பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகள் பலவும் ஓய்வில் இருக்கும். அதே கரைக்கு ஏப்ரல் மாதத்தில் வருபவர் வேறொரு கடலைக் காண்பார். அலைகள் அடங்கியிருக்கும், ஓலைகள் அசையவும் தயங்கும். மலேசியாவில் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்ற கேள்விக்கு எளிதில் விடை சொல்ல முடியாததற்கு இந்த இரண்டு காட்சிகளே காரணம்.

மலேசியா நிலநடுக்கோட்டுக்கு அருகில் அமைந்த நாடு. இங்கு ஆண்டு முழுவதும் வெயில் கடுமையாக இருப்பதால் தரையும் கடலும் சூடேறுகின்றன. அவற்றை ஒட்டியுள்ள காற்று வெப்பமடைந்து மேல்நோக்கி எழுகிறது. இவ்வாறு காற்று மேலே எழும் பகுதிகளில், தரையை ஒட்டிப் பக்கவாட்டில் வீசும் காற்று வலுவின்றி இருக்கும். பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில், நிலநடுக்கோட்டுக் கடற்பகுதியில் காற்றின்றி நாள்கணக்கில் அசையாமல் கிடந்த கப்பல்கள் பல. நாட்டின் பல இடங்களில், தரைமட்டத்திற்கு அருகில் வீசும் காற்றின் ஆண்டுச் சராசரி வேகம் வினாடிக்கு 3 மீட்டருக்கும் குறைவாகவே உள்ளது.

இந்த வேகம் போதாதா? காற்றாலையைப் பொறுத்தவரை போதாது. காற்றில் உள்ள ஆற்றல், அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது, வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகிறது. வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில், ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஏறத்தாழ 16 வாட் ஆற்றலே இருக்கும். வேகம் 6 மீட்டரானால் அது ஏறத்தாழ 130 வாட்டாக உயரும். பல பெரிய காற்றாலைகள் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில்தான் மின்சாரம் தரத் தொடங்குகின்றன. முழுத்திறனை எட்ட 11 முதல் 13 மீட்டர் வரையிலான வேகம் தேவை. எனவே, மெல்லிய காற்று வீசும் ஊரில் காற்றாலை நாட்டினால் அது பெரும்பாலும் சும்மா நிற்கும்.

இருப்பினும், சராசரி என்பது முழு உண்மையையும் சொல்லிவிடாது. ஓர் ஊரில் ஒன்பது மாதங்கள் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்திலும், மூன்று மாதங்கள் 6 மீட்டர் வேகத்திலும் காற்று வீசுவதாகக் கொள்வோம். அவ்வூரின் ஆண்டுச் சராசரி 3 மீட்டர். ஆண்டு முழுவதும் மாறாமல் 3 மீட்டர் வேகத்தில் காற்று வீசும் இன்னோர் ஊரின் சராசரியும் அதுவே. ஆனால், மும்மடியைக் கணக்கிட்டுப் பார்த்தால், முதல் ஊரின் காற்றில் இரண்டாவது ஊரைவிட இரு மடங்குக்கும் அதிகமான ஆற்றல் இருப்பது தெரியவரும். அந்த ஆற்றலில் 90 விழுக்காடு, காற்று பலமாக வீசும் மூன்று மாதங்களில் கிடைப்பது. ஆகவே, "எவ்வளவு காற்று?" என்று மட்டும் கேட்டால் போதாது, "எங்கே, எப்போது?" என்றும் கேட்க வேண்டும்.

இக்கேள்விகளுக்கு விடை காண ஆய்வாளர்கள் முயன்றுள்ளனர். 1982 முதல் 1991 வரை பத்து வானிலை நிலையங்களில் பதிவான காற்றுவேகத்தை ஆராய்ந்த ஆய்வொன்று 1995இல் வெளிவந்தது. ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங் அந்தப் பத்து இடங்களில் முதலிடம் பெற்றது. அங்கு 10 மீட்டர் உயரத்தில், சதுர மீட்டருக்குச் சராசரியாக ஏறத்தாழ 85 வாட் ஆற்றல் இருப்பது கண்டறியப்பட்டது. சபாவின் வட முனையிலுள்ள கூடாட் வட்டாரமும் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றுள்ளது. உயரம் கூடக்கூடப் பொதுவாகக் காற்றின் வேகமும் கூடும். திறந்த வெளியில், 10 மீட்டர் உயரத்தைவிட 80 மீட்டர் உயரத்தில் வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருக்கலாம். ஆதலால், உயர்ந்த கோபுரமும் நீண்ட இறக்கைகளும் கொண்ட காற்றாலைகள் மெல்லிய காற்றுக்கு ஏற்றவை. இறக்கையின் நீளத்தை இரு மடங்காக்கினால், அது சுழலும் பரப்பு நான்கு மடங்காகும்.

காற்றாலையின் தேவையை நன்கு உணர்த்துபவை தீவுகளே. நிலப்பகுதியின் மின்கம்பிகள் எட்டாத தீவுகளில் டீசல் மின்னாக்கிகளே வீடுகளுக்கு ஒளி தந்தன. டீசலைப் படகில் ஏற்றிச் செல்ல வேண்டும். செலவோ மிக அதிகம். இந்நிலையை மாற்ற, 2007ஆம் ஆண்டில் பெர்ஹெந்தியான் கெச்சில் தீவில் ஒரு கலப்பு மின்திட்டம் அமைக்கப்பட்டது. தலா 100 கிலோவாட் திறன் கொண்ட இரண்டு காற்றாலைகள், 100 கிலோவாட் சூரியத் தகடுகள், மின்கலத் தொகுதி, டீசல் மின்னாக்கி ஆகியவை அதில் ஒன்றிணைக்கப்பட்டன. ஒன்று ஓயும்போது மற்றொன்று கைகொடுக்கும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை.

இந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையை நோக்கி வீசுகிறது. அப்பருவத்தின் தொடக்க மாதங்களில் வானம் பெரும்பாலும் மேகமூட்டமாக இருப்பதால் சூரியத் தகடுகள் குறைவாகவே மின்சாரம் தரும். அந்த நேரத்தில்தான் காற்று வலுப்பெறுகிறது. கடல் கொந்தளித்து, டீசல் கொண்டுவருவது கடினமாகும் நாள்களும் அவையே. ஆனால், இதில் ஒரு முரண்பாடும் உள்ளது. பருவமழைக் காலத்தில் தீவின் தங்கும் விடுதிகள் பெரும்பாலும் மூடப்படுகின்றன. மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படுவது சுற்றுப்பயணிகள் நிறைந்திருக்கும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில். காற்று மிகுதியாகக் கிடைப்பதோ அவர்கள் இல்லாத மாதங்களில். ஆண்டு முழுவதும் தீவிலேயே வாழும் மீனவக் குடும்பங்களுக்குக் காற்று துணையாகலாம். விடுதிகளின் தேவையைக் காற்றால் மட்டும் நிறைவு செய்ய இயலாது.

பராமரிப்பையும் மறந்துவிடக் கூடாது. கடற்காற்றிலுள்ள உப்பு இரும்பை அரிக்கிறது. மலேசியாவில் இடிமின்னல் மிகுதி. உயர்ந்து நிற்கும் கோபுரம் மின்னலுக்கு எளிய இலக்காகும். ஓர் உறுப்பு பழுதானால், அதைச் சரிசெய்யப் பொறியாளர்களும் கருவிகளும் கடல் கடந்து வர வேண்டும். அதுவரை இறக்கைகள் சுழலா.

இக்காரணங்களால் நாடு காற்றாற்றலை எச்சரிக்கையுடன் அணுகியது. 2011இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வகை மின்சாரத்திற்குச் சிறப்பு விலை வழங்கப்பட்டபோது, உயிர்வாயு, உயிர்த்திரள், சிறு நீர்மின்சாரம், சூரிய ஆற்றல் ஆகியவை இடம்பெற்றன, காற்று இடம்பெறவில்லை. ஆயினும், நாட்டின் குறிக்கோள் பெரிது. 2050ஆம் ஆண்டுக்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க வளங்களைச் சார்ந்திருக்க வேண்டும் என மலேசியா திட்டமிட்டுள்ளது. அக்குறிக்கோளில் பெரும்பங்கு சூரிய ஆற்றலையே சாரும். சூரியன் மறைந்த பிறகும், மழை மேகம் மூடிய நாள்களிலும் துணை நிற்க வேறு வளங்களும் தேவைப்படும்.

அதனால், காற்றை முற்றாக ஒதுக்குவதும் சரியன்று. அண்டை நாடுகளில் உள்ளதே என்று எல்லாக் கரைகளிலும் காற்றாலைகளை நாட்டுவதும் சரியன்று. காற்று குறைந்த நாட்டில், கோபுரம் எழுப்பும் முன் ஓராண்டுக்காவது காற்றை அளப்பதே முதல் பணி. அளவெடுக்க ஆகும் செலவு, தவறான இடத்தில் எழுப்பிய காற்றாலைக்கு ஆகும் செலவைவிட மிகக் குறைவு.

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது நம் முன்னோர் மொழி. நெல்லையும் பதரையும் பிரிக்கும் உழவர், காற்று எந்தத் திசையிலிருந்து, எந்த வேளையில் வரும் என்பதை அறிந்தே முறத்தை உயர்த்தினார். காற்று குறைவாக வீசும் நாட்டில் அந்த அறிவு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. ஒரே ஆண்டுச் சராசரி வேகம் கொண்ட இரண்டு ஊர்களில் காற்றின் ஆற்றல் வேறுபடுவது ஏன்?

2. பெர்ஹெந்தியான் தீவில் காற்றாற்றலின் பயனையும் வரம்பையும் விளக்குக.

3. உம் வட்டாரத்தில் காற்றாலை அமைக்கலாம் என ஒருவர் பரிந்துரைக்கிறார். முடிவெடுக்கும் முன் அவரிடம் நீர் கேட்கும் மூன்று கேள்விகளைக் காரணங்களுடன் எழுதுக.