லைப்ரரி இருக்கு, லிங்கர் ஏன் இல்லைங்குது?

ராத்திரி பதினோரு மணி, காலையில ப்ராஜெக்ட் ரிவ்யூ. கம்பைல் ஆயிடுச்சு. ஆனா கடைசியில 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் டு சராசரி'. போன செமஸ்டர்ல இதே இடத்துல மாட்டின நான், சரியா இருந்த கோடையே மூணு மணி நேரம் நோண்டிக் கெடுத்து வச்சேன். நீங்க அதைச் செய்யாதீங்க.

ஹெடர் ஃபைல்ல 'சராசரி'ங்கிற பேர் இருந்ததால கம்பைலர் நம்பி விட்டுடுச்சு. அந்த ஃபங்ஷனோட உடலைத் தேடுற லிங்கருக்குத்தான் அது கிடைக்கல.

என் புரோகிராம்ல மெயின், 'அருவி' லைப்ரரியைக் கூப்பிடுது. அருவி, 'கணக்கு' லைப்ரரியில இருக்கிற சராசரியைக் கூப்பிடுது. நான் அடிச்ச கமாண்ட்:

ஜிசிசி மெயின்.ஓ லிப்கணக்கு.ஏ லிப்அருவி.ஏ

ஸ்டாட்டிக் லைப்ரரின்னா .ஓ ஃபைல்களைக் கட்டி வச்ச மூட்டை. லினக்ஸ்ல வழக்கமா இருக்கிற குனு லிங்கர் இடமிருந்து வலமா ஒரே தடவை போகும். அந்த நேரத்துக்குத் தேவைப்படுற .ஓ ஃபைலை மட்டும் மூட்டையிலிருந்து எடுக்கும்.

தென்காசியிலிருந்து ஐந்தருவி போற பஸ்ஸை நினைச்சுக்கோங்க. மெயின் அருவி ஸ்டாப்ல கண்டக்டர் "இறங்குறவங்க இருக்கீங்களா?"ன்னு கேட்கிறார். யாரும் பேசல, பஸ் கிளம்பிடுச்சு. ஐந்தருவி பக்கம் வந்ததும் ஒருத்தர் "ஐயோ, மெயின் அருவி!"ன்னா பஸ் திரும்புமா? லிங்கர் 'கணக்கு' லைப்ரரியைத் தாண்டும்போது சராசரியை யாரும் கேட்கல. 'அருவி' கேட்டப்போ நேரம் கடந்துடுச்சு.

தீர்வு, வரிசையை மாத்துறதுதான். கேட்கிறவர் முன்னாடி, கொடுக்கிறவர் பின்னாடி:

ஜிசிசி மெயின்.ஓ லிப்அருவி.ஏ லிப்கணக்கு.ஏ

இன்னும் சரியாகலையா? இந்த வரிசையில பாருங்க:

1. லைப்ரரி மேல 'என்எம்' கமாண்டை ஓட்டுங்க. பேருக்கு முன்னாடி ஆங்கில 'டி' இருந்தா ஃபங்ஷன் அங்கேயே இருக்கு. 'யூ' இருந்தா அது வெளியிலிருந்து வரணும்.

2. மெயின் சி பிளஸ் பிளஸ், லைப்ரரி சி-யா? சி பிளஸ் பிளஸ் கம்பைலர் ஃபங்ஷன் பேரை உள்ளுக்குள்ள மாத்திடும். ஹெடர்ல 'எக்ஸ்டர்ன் சி' போட்டாத்தான் ரெண்டு பேரும் ஒத்துப்போகும்.

3. ரெண்டு லைப்ரரியும் ஒண்ணையொண்ணு கேட்குதா? முதல் லைப்ரரியைக் கடைசியில இன்னொரு தடவை எழுதிப் பாருங்க. இல்லைன்னா ரெண்டையும் 'ஸ்டார்ட்-குரூப்', 'எண்ட்-குரூப்' நடுவுல வைங்க. புதுசா எதுவும் கிடைக்காமப் போற வரைக்கும் லிங்கர் அதுக்குள்ள சுத்திச் சுத்தித் தேடும்.

எல்எல்விஎம்மோட 'எல்எல்டி' லிங்கர் தாண்டி வந்த லைப்ரரிகளையும் ஞாபகம் வச்சுக்கும். அதனால நண்பன் லேப்டாப்ல ஓடுறது உங்க லேப்டாப்ல ஓடாமப் போகலாம். கோடைத் தொடுறதுக்கு முன்னாடி கமாண்டோட வரிசையைப் பாருங்க.