பேட்டரி போட்டால் ஓடுமா அந்தக் கால்குலேட்டர் வாட்ச்?

கேள்வி: பழைய டிஜிட்டல் கால்குலேட்டர் வாட்சுகளைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறேன். கேசியோ சி-80 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஓடவில்லை. பேட்டரி மாற்றினால் ஓடிவிடும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா? பல்சர், ஹெச்பி-01 இரண்டையும் என்றாவது வாங்கிவிட வேண்டும் என்பது என் ஆசை.
- வாசகர், திருநெல்வேலி

பதில்: பேட்டரி போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால், ஓடாத வாட்சுக்கு உரிய விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். சாவி கொடுக்கும் எச்எம்டி நின்றுபோனால், பழகிய கைகள் பல்சக்கரத்தை மாற்றி ஓடவைத்துவிடும். டிஜிட்டல் வாட்சின் உயிர் ஒரு சிப்பில் இருக்கிறது. சி-80 வந்தது 1980-ல். அதன் சிப்பை இன்று யாரும் தயாரிப்பதில்லை. அது போய்விட்டால் அதே மாதிரி இன்னொரு வாட்சைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஓடவைத்த பிறகு, கால்குலேட்டருக்கு மாற்றி 8-ஐத் திரை நிறையும்வரை அழுத்துங்கள். ஒவ்வொரு எட்டிலும் ஏழு கோடுகளும் கறுப்பாகத் தெரிய வேண்டும். ஏதாவது கோடு விட்டிருந்தால் உடனே கைவிட வேண்டாம். எல்சிடி கண்ணாடிக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் பட்டை ஒன்று இருக்கும், மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் பட்டையைத் துடைத்தாலே பல வாட்சுகளில் கோடு திரும்பிவிடும். திரையின் மூலையிலிருந்து மை கசிந்ததுபோல் கறுப்பு படர்ந்திருந்தால் அதற்கு வைத்தியம் கிடையாது. அடுத்து எல்லா பட்டன்களையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், கூட்டல் கழித்தல் உட்பட. வியர்வையும் அழுக்கும் முதலில் இறங்குவது அந்தச் சந்துகளில்தான்.

பின்மூடியைத் திறந்தும் பார்க்க வேண்டும். கசிந்த பேட்டரி பச்சைக் களிம்பை விட்டுப்போயிருந்தால், செம்புத் தடங்கள் அரித்திருக்க வாய்ப்பு அதிகம். திறக்கும்போது கவனம் தேவை. பல கேசியோக்களில் மூடிக்கும் உள்பகுதிக்கும் நடுவே பீப் ஒலிக்காக ஒரு பொடி ஸ்பிரிங் நிற்கும், தெறித்தால் கண்ணில் படாது. பேட்டரி மாற்றியும் திரை வெறுமையாக இருந்தால், 'ஏசி' என்று குறித்த புள்ளியையும் பேட்டரியின் மேல்பக்கத்தையும் உலோக ட்வீசரால் ஓரிரு நொடி சேர்த்துத் தொடுங்கள். இந்த ரீசெட் செய்யாமல் செத்ததாக ஒதுக்கப்படும் நல்ல வாட்சுகளும் உண்டு. அதனால் மலிவாகக் கிடைத்தால் உங்கள் சி-80-ஐ முயன்று பார்ப்பதில் தவறில்லை.

ஸ்டிராப் வெடித்திருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். ரெசின் அத்தனை ஆண்டு தாங்காது. பாலிஷ் மட்டும் போடாதீர்கள், பட்டன் எழுத்துகள் அழிந்தால் வாட்சின் முகமே போய்விடும்.

நீங்கள் ஆசைப்படும் வாட்சுகளுக்கு வருவோம். பல்சர் 1975 இறுதியில் 18 காரட் தங்கத்தில் 3,950 டாலருக்கு வந்தது, மறு ஆண்டு ஸ்டீலிலும் கிடைத்தது. ஹெச்பி-01 வந்தது 1977-ல். இரண்டும் சிவப்பு எல்இடி, பட்டனை அழுத்தினால்தான் மணி தெரியும். எண்களைக் குச்சியால் குத்த வேண்டும். கேசியோ விரலால் அழுத்தும் பட்டன்களோடு பிளாஸ்டிக்கில் வந்ததும்தான் இது சாதாரண மனிதர்களின் கைக்கு வந்தது. அதனாலேயே சி-80-ஐ நான் அந்தத் தங்க வாட்சைவிட உயர்வாக மதிக்கிறேன்.

ஆசையை விட வேண்டாம். ஆனால் ஹெச்பி-01-க்குப் போகுமுன் சில கேசியோக்களைத் திறந்து மூடிக் கை பழகுங்கள். இன்றும் தயாரிப்பில் இருக்கும் சிஏ-53டபிள்யூ அதற்கு ஏற்றது, சிஆர் 2016 பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும். ஹெச்பி-01 வாங்கும் நாளில் பட்டையின் கொக்கியைத் திறந்து, உள்ளே அதன் குச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விலையைத் தயங்காமல் குறைத்துக் கேளுங்கள்.