கடன்பட்டவரின் மனச்சுமை

கடன் நிம்மதியோடு நாணயத்தையும் அரிக்கும். கடன்பட்டவர் பொய் பேசவும் வாக்கு மாறவும் நேரிடும் என்பதால், நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடினார்கள்.

மஸ்ஜிதுந் நபவியில் கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள், இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் தமக்கு வரவேண்டிய கடனைக் கேட்டார்கள். இருவரின் குரலும் உயர்ந்தது. வீட்டிலிருந்த நபியவர்கள் திரையை விலக்கி, கஅபை அழைத்து, பாதியை விட்டுக்கொடுக்குமாறு சைகை செய்தார்கள். அவர் உடனே இசைந்தார். பிறகு மற்றவரிடம், எழுந்து கடனை அடைக்குமாறு கூறினார்கள். (புகாரி)

கவனியுங்கள்! கடன் கொடுத்தவரிடம் இரக்கத்தைக் கேட்டார்கள். வாங்கியவரிடம் பொறுப்பைக் கேட்டார்கள். திருக்குர்ஆன் 2:280 வசனமும், சிரமப்படுபவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்கிறது. தள்ளுபடி செய்வது அதைவிடச் சிறந்தது என்கிறது.

நம் மஹல்லாவில் ஒருவர் கடனுக்கு வெட்கப்பட்டுப் பள்ளிக்கு வராமல் ஒதுங்கினால், தேடிச் செல்லுங்கள். “ஏன் வாங்கினாய்?” என்று தொடங்காதீர்கள். முதலில் அவர் பேசுவதைக் கேளுங்கள். யாருக்கு எவ்வளவு என்று சேர்ந்து எழுதுங்கள். கொடுத்தவரிடம் தவணை கேட்டுப் பேசுங்கள். வட்டிக்கு வாங்கிக் கடனை அடைக்க விடாதீர்கள். அவருடைய ரகசியத்தைக் காப்பாற்றுங்கள்.

கடன்பட்ட சகோதரரே, ஒளியாதீர்கள். முடிந்ததை மட்டும் வாக்களித்து, அதைக் கொடுத்துவிடுங்கள்.

அல்லாஹ் நம் கடன்களை நிறைவேற்றி, உள்ளங்களுக்கு அமைதியைத் தருவானாக! ஆமீன்.