நுழைய மறுக்கும் போல்ட்
(பழைய மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க் பற்றிய தொழிற்பாடம்)



நம்மவருள் பலர் பழைய மோட்டார் சைக்கிள்களை இன்றும் பேணி வருகின்றனர். தந்தை வாங்கிய வண்டியில் மகன் வேலைக்குச் செல்வதை நாம் காண்கிறோம். இத்தகைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டுங்கால் அடிக்கடி நேரும் ஓர் இடர்ப்பாட்டை இப்பாடத்தில் ஆராய்வோம். அஃதாவது, முன் ஃபோர்க்கின் குழாயை இறுகப் பிடிக்கும் கிளாம்பின் போல்ட், தன் துளையில் நேராக நுழைய மறுப்பதாகும்.

இது அற்பக் காரியமாகத் தோன்றலாம். ஆனால் பின் சக்கரத்தில் நேரும் குறை பெரும்பாலும் வண்டியை நிறுத்தும். முன் சக்கரத்தில் நேரும் குறை ஆளை வீழ்த்தும். பிரேக் பிடிக்கும் கணத்தில் வண்டியின் பாரமும் ஏறியிருப்போரின் பாரமும் முன்னோக்கிச் சாய்ந்து ஃபோர்க்கின்மீது விழுகின்றன. அந்நேரத்தில் குழாய் கிளாம்பினுள் நழுவுமாயின் சக்கரம் ஒருபுறம் திரும்பிவிடும். பின்னால் அமர்ந்திருப்பவர் மனைவியோ குழந்தையோ என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தச் சிறு போல்ட்டின் பெருமை விளங்கும்.

கிளாம்பின் தொழில்

1955-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், சென்னையை அடுத்த திருவொற்றியூர் ஆலையில் உருவாக்கிய 350 சி.சி. புல்லட்டையே உதாரணமாகக் கொள்வோம். அதன் ஃபோர்க் குழாய்கள் இரண்டும், மேலே முகவிளக்கைத் தாங்கும் வார்ப்புத் தலையில் மரையினால் திருகி நிற்கின்றன. கீழே, ஸ்டியரிங் தண்டோடு இணைந்த குறுக்குத் தாங்கியின் வழியே அவை இறங்குகின்றன. அத்தாங்கியில் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வளையம் உண்டு. வளையம் ஓரிடத்தில் பிளவுபட்டு, இரு காதுகளாக நீண்டிருக்கும். அக்காதுகளை ஊடுருவிச் செல்வதே நமது போல்ட்.

போல்ட்டை இறுக்கினால் காதுகள் நெருங்கும், வளையம் சுருங்கும், குழாய் சுற்றிலும் அழுத்தப்பட்டு உராய்வினால் அசையாது நிற்கும். ஆதலின் குழாயைப் பிடிப்பது வளையமே. வளையத்தை நெருக்குவது மட்டுமே போல்ட்டின் கடமை. போல்ட் இழுவிசையைத் தாங்குவதற்கென ஆக்கப்பட்டது. கோணலாய் நிற்கும் உறுப்புகளை நேராக்குவதற்கு ஆக்கப்பட்டதன்று. ஆலையில் சுழல்தண்டின்மீது பூட்டும் பிளவு வளையங்களைக் கையாண்ட தொழிலாளர்க்கு இவ்வுண்மை புதிதன்று. வளையத்தை அதன் இடத்தில் வைத்த பின்னரே திருகை முடுக்குவர். திருகை முடுக்கி வளையத்தை இடத்துக்கு இழுப்பவர் எவருமிலர்.

காரணம் காணுதல்

போல்ட் நுழையவில்லையெனில் அது ஒரு செய்தியைக் கூறுகிறது: ஏதோ ஓர் உறுப்பு தன் நிலையில் இல்லை. சுத்தியலை எடுப்பதற்குமுன் அச்செய்தியைக் கேட்க வேண்டும். காரணங்கள் பெரும்பாலும் நான்கு.

முதலாவது, போல்ட்டே தவறானதாயிருத்தல். பழைய புல்லட்டில் அங்குல அளவு மரைகளே மிகுதி. மைசூரில் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா ஆலையின் வண்டிகளிலோ மில்லிமீட்டர் மரைகள். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர்; ஆகவே 8 மில்லிமீட்டர் போல்ட் கண்ணுக்கு அதுபோலவே தோன்றும். ஆனால் மரையின் இடைவெளி வேறு. இரண்டொரு சுற்று ஏறிப் பின் இறுகிக்கொள்ளும். அதற்குமேல் முடுக்கினால் தாங்கியின் மரை அழியும்.

இரண்டாவது, குழாயோ தண்டோ உரிய ஆழத்திற்குச் செல்லாதிருத்தல். சில வண்டிகளில் போல்ட்டின் பாதை உள்ளிருக்கும் தண்டை உரசிச் செல்லும். அதற்கென்றே தண்டில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். வெஸ்பா வகை ஸ்கூட்டர்களின் ஹேண்டில்பார் கிளாம்ப் இத்தகையது. தண்டு சிறிது ஏறியோ இறங்கியோ இருந்தால் போல்ட் பாதிவழியில் முட்டி நிற்கும்.

மூன்றாவது, முன்னர் எவரோ அளவுக்கு மீறி இறுக்கியதனால் காதுகள் உள்நோக்கி வளைந்திருத்தல்.

நான்காவது, வண்டி என்றோ விழுந்ததனால் தாங்கியே முறுக்கிக்கொண்டிருத்தல்.

செய்முறை

எஞ்சினுக்கு அடியில் உறுதியான மரக்கட்டையை வைத்து முன் சக்கரத்தை நிலத்தினின்று உயர்த்துக. சக்கரத்தையும் மட்கார்டையும் கழற்றுக. பாரம் சுமந்துநிற்கும் உறுப்பு தன் குறையை மறைக்கும். பாரம் நீங்கினாலன்றி உண்மை தெரியாது. இருபுறக் கிளாம்ப் போல்ட்டுகளையும் தளர்த்தி, குறையுள்ள போல்ட்டை வெளியே எடுத்துச் சீமெண்ணெயில் கழுவுக. கண்ணாடித் தகட்டின்மீது அதனை உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். வளைந்த போல்ட்டை நிமிர்த்த வேண்டா, தள்ளிவிடுக.

அடுத்து, வெறுந்துளையின் வழியே டார்ச் ஒளியைச் செலுத்திப் பார்க்க. துளை முழு வட்டமாய்த் தோன்றினால் பாதை சரி. பிறைபோல் தோன்றினால் காதுகள் ஒன்றுக்கொன்று விலகியுள்ளன, அல்லது குழாய் குறுக்கே நிற்கிறது.

பிளவு மூடிக்கொண்டிருப்பின் அதனை மெல்ல விரிக்க வேண்டும். ஒரு காதில் மரையும் மறு காதில் வெறுந்துளையும் உள்ள கிளாம்பாயின் ஓர் எளிய வழியுண்டு. பிளவினுள் சிறு எஃகுத் தகட்டை வைத்து, மரையுள்ள காதின் வெளிப்புறமிருந்து போல்ட்டைத் தலைகீழ்த் திசையில் திருகுக. அதன் முனை தகட்டை முட்ட, தகடு எதிர்க்காதைத் தள்ளும். குழாய் கையால் திரும்புமளவு விரிந்தால் போதும். அதற்குமேல் விரித்தால் உலோகம் வெடிக்கும். இரு காதிலும் மரையில்லையெனில் பித்தளை ஆப்பினைப் பயன்படுத்துக.

விரித்தபின் வெடிப்பு உண்டா எனச் சோதித்தல் இன்றியமையாதது. அவ்விடத்தில் சீமெண்ணெய் தடவிச் சிறிதுநேரம் கழித்து நன்கு துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பூசுக. வெடிப்பு இருந்தால் உள்ளே தங்கிய எண்ணெய் கசிந்து வெண்மையின்மீது கருங்கோடாய்த் தோன்றும். வெடித்த தாங்கியை மாற்றுவதே முறை. முறுக்கிய தாங்கியையும் அனுபவமுள்ள பட்டறையில் காட்டி, நேராக்கத் தகுமா எனக் கேட்டறிக. அடுப்பில் காய்ச்சி வளைத்தல் ஆகாது.

பின்னர்க் குழாயை மேலே அதன் இருக்கை வரை முற்றிலும் திருகுக. கிளாம்பின் உட்புறத்திலும் குழாயின்மீதும் உள்ள கிரீஸ், துரு, பெயின்ட் ஆகியவற்றைத் துடைத்து நீக்குக. பிடிப்பு உராய்வினாலாவது என்பதை மறவற்க. இப்போது போல்ட்டை விரல்களாலேயே ஏற்றுக. தலை காதைத் தொடும்வரை விரலுக்கு இணங்கிச் சென்றால் எல்லாம் நேராயிற்று என்று கொள்ளலாம். இணங்காவிடின் மீண்டும் காரணம் தேடுக.

இருபுறப் போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிப் பாதியளவு இறுக்குக. மட்கார்டையும் சக்கரத்தையும் பூட்டி, அச்சின் ஒருபுறப் பிடிப்பைச் சற்றே தளர்வாய் விடுக. வண்டியை நிலத்தில் நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்தவாறு ஹேண்டில்பாரைப் பலமுறை அழுத்துக. இரு கால்களும் தத்தம் இயல்பான நிலையை அடையும். அதன்பின் எல்லாவற்றையும் இறுதியாக இறுக்குக. சாதாரண நீளமுள்ள ரிங் ஸ்பேனர் போதும். அதன்மேல் குழாய் மாட்டி நீட்ட வேண்டா. இறுக்கிய பின்னும் பிளவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். காதுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் போல்ட் இறுகியிருக்கும், குழாய் இறுகியிராது.

குழாய்க்கும் கிளாம்புக்கும் குறுக்கே சிறு பெயின்ட் கோடொன்று இடுக. முதல் ஓட்டம் மெதுவாக, ஆளற்ற சாலையில் அமைக. திரும்பிவந்து பார்க்கையில் கோடு முறிந்திருந்தால் குழாய் நழுவிற்று என்று அறிந்து, ஓட்டத்தை நிறுத்துக.

தவிர்க்க வேண்டியவை

அவசரக்காரர் துளையை டிரில்லினால் பெரிதாக்குவர். போல்ட் நுழைந்துவிடும், வண்டிக்காரரும் மகிழ்ந்து கூலி கொடுப்பார். ஆயினும் கோணல் அப்படியே உள்ளிருக்கும், காதும் மெலிந்துபோகும். தேய்ந்த குழாயைச் சுற்றித் தகரம் செருகுதலும் இத்தன்மையதே. குறையைத் தீர்ப்பது வேறு, குறையைக் காணாதபடி செய்வது வேறு. பழைய வண்டிக்கு உரிய தாங்கி எளிதில் கிடைப்பதன்று. ஒரு நிமிடப் பொறுமையின்மையால் அதனைக் கெடுத்துவிட்டு, மாதச் சம்பளத்தில் பாதியை இழந்து நிற்பது தொழிலாளிக்கு அழகாகாது.

உறுப்புகளை முதலில் அவற்றின் இடத்தில் அமையுங்கள். போல்ட் தானே வழி காணும்.

பயிற்சி வினாக்கள்

1. குழாயைப் பிடிப்பது வளையமா, போல்ட்டா? காரணம் கூறுக.
2. துளை பிறைபோல் தோன்றினால் ஆராய வேண்டியவை யாவை?
3. இறுக்கிய பின்னும் பிளவு தெரிய வேண்டுவது ஏன்?